வரைந்த கை யாருடையது?

ஆரணியாறு முதல் அலைகடல் வரை: திருவள்ளூர்க் கரையின் கதை – 17

சென்ற இதழில், பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டு கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்ததுவரை பார்த்தோம். அவ்வளவு பாடுபட்டுக் கோட்டை எழுப்ப இந்த ஊரில் அவர்களுக்கு என்ன இருந்தது? கிராம்பு இங்கே விளையாது; சாதிக்காயும் விளையாது. ஆனால் துணி இருந்தது. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த மொலுக்கஸ், பண்டா தீவுகளில் சோழமண்டலக் கரையின் துணிக்குப் பெரும் கிராக்கி. இங்கே துணியை வாங்கி, அங்கே கொடுத்து, மணப்பொருளை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போவது டச்சுக் கம்பெனியின் வழக்கம். 1690 வரை அந்தக் கம்பெனிக்குச் சோழமண்டலத்தின் தலைமையிடம் பழவேற்காடுதான்.

கோட்டை இடிந்து மண்மூடிப் போய்விட்டது. இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளில் சில மட்டும் லண்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் மயில்கள் உண்டு, மான்கள் உண்டு, எந்தக் காட்டிலும் காணமுடியாத விலங்குகளும் உண்டு. இந்த அத்தியாயம் அந்தப் பிராணிகளைப் பற்றியது. அவற்றுக்குப் பின்னால் வந்த மீன் படங்கள், பறவைப் படங்கள் பற்றியதும்கூட.

நானூறு ஆண்டுகளாக இந்தக் கரையோரம் பிராணிகள் படமாகிக்கொண்டே வந்திருக்கின்றன. சில படங்கள் கற்பனையில் பிறந்தவை. சில அறிவியலுக்காக எழுதப்பட்டவை. சில, சுற்றியிருந்த மனிதர்களைக் கூர்ந்து பார்த்து அபிப்பிராயம் சொன்னவை. மூன்றுக்கும் ஆதாரம் இங்கே வாழ்ந்தவர்களின் கையும் கண்ணும். படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று வேறொருவர் பெயர் நிற்கிறது. வரைந்த கைக்கும், பிடித்துக் கொடுத்த கைக்கும், பெயர் சொல்லிக் கொடுத்த வாய்க்கும் உரிய இடத்தைத் தேடித் தருவது நம் வரலாற்றின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

துணிக்குள் ஒரு காடு

துணியில் சித்திரம் எழுதுவது பல நாள் வேலை. நெய்து வந்த துணியை முதலில் வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்; பாலின் கொழுப்பு, எழுதும் நீர் கோட்டைத் தாண்டிக் கசியாமல் காக்கும். அடுத்து, தாளில் வரைந்த மாதிரியின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிடுவார்கள். அந்தத் தாளைத் துணிமேல் விரித்து, கரித்தூள் கட்டிய சிறு பொட்டலத்தால் ஒற்றிக்கொண்டே போவார்கள். தாளை எடுத்தால் துணியில் புள்ளி புள்ளியாக மயிலின் கழுத்து தெரியும்.

அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு மூங்கில் எழுதுகோல் ஓடும். கருப்புக் கோட்டுக்கு, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்த நீர். சிவக்க வேண்டிய இடத்துக்குப் படிகார நீர். துணியைச் சாயவேர் போட்ட கொதிநீரில் இறக்கினால், படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு நிலைத்துவிடும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயத்தைச் சாணிநீரில் அலசி, வெயிலில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் போக்குவார்கள். நீலம் வேண்டுமானால், நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் உருக்கிய மெழுகைப் பூசிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சள் கடைசியில் வரும். நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினால் கிளிக்குப் பச்சை வந்துவிடும். சாயவேர் கடலோர மணலில் விளைகிற சிறு செடியின் வேர். இந்தக் கரையின் சிவப்பு ஐரோப்பாவில் பேர் வாங்கியதற்கு அந்த வேரும், படிகாரத்தின் அளவு தெரிந்த கையும் காரணம். எத்தனை துவைத்தாலும் நிறம் போகாத சித்திரப் பருத்தித் துணியை ஐரோப்பியர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

இந்தக் கலையின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ள ஐரோப்பியர்கள் அலைந்தார்கள். புதுச்சேரிக்கு வந்த போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, 1734 வாக்கில் ஒரு துணி உருவாவதை அருகிருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டித் தன் குறிப்போடு சேர்த்துக்கொண்டார். கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், கிறித்தவரான சித்திரக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு 1742-இல் முழுச் செய்முறையையும் பிரான்சுக்குக் கடிதமாக எழுதினார். எழுதியவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. சொல்லிக் கொடுத்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அதற்குள் இந்தத் துணியின் வேகம் தாங்காமல் பிரான்ஸ் 1686-இலேயே அதற்குத் தடை போட்டிருந்தது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் ஊர்ச் சித்திரக்காரரின் எழுதுகோலுக்கு இரண்டு அரசாங்கங்கள் பயந்தன என்பது மிகையில்லை.

ஐரோப்பாவுக்குப் போன விரிப்புகளில் பெரும்பாலும் ஒரு மரம் இருக்கும். பாறைக் குன்றின்மேல் வளைந்து வளைந்து ஏறும் அந்த மரத்தின் கிளைக்குக் கிளை வேறு வேறு பூ. தாமரை போன்ற ஒன்று, செவ்வந்தி போன்ற ஒன்று, எந்தத் தோட்டத்திலும் இல்லாத பத்துப் பூக்கள். கிளையில் மயில். அதைவிடப் பெரிய பூவைக் கொத்தும் சின்னக் குருவி. அடியில் துள்ளும் மான். பாறைகள் சீனத்துச் சாயலில் இருக்கும். பூக்களில் பாரசீகமும் ஐரோப்பாவும் கலந்திருக்கும். வாங்குகிறவன் மாதிரியை அனுப்புவான். எழுதுகிறவன் அதைத் தன் கண்ணுக்கு ஏற்ப மாற்றுவான். அளவுப் பொருத்தத்தை அந்தச் சித்திரக்காரர்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் மயிலின் கழுத்து திரும்பும் விதத்தையும், மான் காதை விறைத்து நிற்பதையும் பாருங்கள். மயிலும் மானும் நடமாடும் ஊரில் வாழ்ந்தவர்களின் கண் அதில் தெரியும்.

படத்துக்குள் வந்த தொப்பிக்காரர்கள்

நியூயார்க்கில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஏழு துண்டுகளாக ஒரு தொங்குதிரை இருக்கிறது. 1610-க்கும் 1640-க்கும் இடையில் சோழமண்டலக் கரையில் எழுதப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். கெல்டிரியா கோட்டை புதிதாக எழுந்து நின்ற காலம் அது. ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு வகை மனிதர்கள். அவர்களின் உடை, ஆயுதம், உட்காரும் விதம், பணிவிடை செய்வோர், சுற்றிலும் பிராணிகள். ஒரு துண்டு முழுவதும் தொப்பி போட்ட ஐரோப்பியர்கள்.

கடல் தாண்டி வந்தவர்கள் நம்மைப் பார்த்து எழுதிய நூல்கள் ஏராளம். பழவேற்காட்டில் பத்தாண்டு இருந்த ஆபிரகாம் ரோஜரியஸ் என்ற பாதிரியார் இங்குள்ள சமயங்களைப் பற்றி எழுதிய நூல் 1651-இல் லைடன் நகரில் அச்சானது. அவர்களை நம் ஆட்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சான்று இந்தத் துணிதான். சித்திரக்காரருக்கு முன்னால் ஐரோப்பியரும் ஒரு காட்சி. அருகில் நிற்கும் விலங்கைக் கவனித்த அதே கவனத்தோடு அவருடைய தொப்பியையும் கால்சட்டையையும் கவனித்து எழுதியிருக்கிறார். அதிகாரம் யார் கையில் இருந்தாலும், பார்வை சித்திரக்காரரிடம் இருந்தது. சமூகத்தைப் பற்றிப் பேசும் படம் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தோடு பிறந்ததாக நினைக்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் துணி அதைச் செய்திருக்கிறது.

சென்னைப் பட்டணம் உருவானதற்கே இந்தச் சித்திரத் துணி ஒரு காரணம். பழவேற்காட்டு ஏரிக்கு வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் ஆங்கிலக் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. அங்கே வியாபாரம் சரிப்படாமல் 1639-இல் அதன் அதிகாரி பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடினார். மதராசப்பட்டினத்தில் வெள்ளைத் துணியும் சித்திரத் துணியும் மலிவாகக் கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. பட்டணம் வளர்ந்த பிறகு, ஜோசப் காலெட் என்ற ஆளுநர் திருவொற்றியூரில் நெசவாளர்களையும் துணியில் சித்திரம் தீட்டுவோரையும் குடியமர்த்தி ஒரு பேட்டை அமைத்தார். 1719-இல் அங்கே நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள் இருந்தன. காலெட் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று மெட்ரோ நிலையத்துப் பலகையில் ஆளுநரின் பெயர் உருமாறியாவது நிற்கிறது. அங்கே குடியிருந்து எழுதியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

பின்னாலேயே வந்த மீன்

பழவேற்காட்டிலிருந்து துணி போன வழியில் நாமும் கொஞ்சம் போய்வருவோம். மொலுக்கஸில் அம்பொன் என்று ஒரு தீவு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே டச்சுக் கம்பெனியின் சிப்பாயாக சாமுவேல் ஃபலூர்ஸ் என்பவர் இருந்தார். தீவின் மீன்களை அவர் வண்ணத்தில் வரைந்து தள்ளினார். அவருடைய படங்களை முக்கிய ஆதாரமாகக் கொண்டு லூயி ரெனார் 1719-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நூல் வெளியிட்டார். 100 தகடுகளில் 460 உருவங்கள். அதில் 415 மீன்கள். மற்றவற்றில் நண்டு, இறால் வகைகள், ஒரு கடற்பசு, கடைசியில் ஒரு கடற்கன்னி!

மீன்களின் உடம்பில் சூரியனும் பிறைநிலாவும் பூக்கோலமும். ஒரு மீனைக் கடற்கரையில் பிடித்து மூன்று நாள் வீட்டில் உயிரோடு வைத்திருந்ததாகவும், நாய்க்குட்டிபோல அது தன் பின்னாலேயே வந்ததாகவும் ஃபலூர்ஸ் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் பலர் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். பிற்காலத்தில் தியோடர் பீட்ஷ் என்ற மீனியல் அறிஞர் இந்தப் படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். முழுக் கற்பனை என்று தள்ளக்கூடியவை மிகச் சிலவே. மற்றவற்றில் நிறமும் கோலமும் மிகையாக இருந்தாலும் எந்த மீன் என்று கண்டுபிடிக்க முடிகிறது. பின்னாலேயே வந்த மீன் தூண்டில்மீன் இனத்தைச் சேர்ந்தது. துடுப்பைக் காலாக ஊன்றித் தரையில் நகரும் பழக்கம் அதற்கு உண்டு.

இதைப் படிக்கிற தமிழனுக்குப் பனையேறிக் கெண்டை ஞாபகம் வராமல் இருக்காது. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791 நவம்பரில் ஒரு குளத்தங்கரைப் பனையின் பட்டை வெடிப்பில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே, அந்த மீனைக் கண்டு எடுத்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அதை அச்சிட்டது. மீன் மரமேறுமா என்ற வாதம் நூறாண்டுக்கு மேல் நடந்தது. காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு இருப்பதும், செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் ஊர்ந்து குளம்விட்டுக் குளம் போவதும் உறுதியாகிவிட்டன. மழைக்காலத்தில் வரப்பில் நடந்தவர்கள் அதைப் பார்த்துப் பெயரும் வைத்திருந்தார்கள். படித்தவர்கள் கற்பனை என்று ஒதுக்கிய பலவற்றை, கரையில் வாழ்ந்தவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

பெயர் சொல்லிக் கொடுத்தவர்கள்

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கரையின் பிராணிப் படம் அறிவியலின் கருவியாகிறது. பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்குஸ் பிளாக் 1785 முதல் 1795 வரை உலக மீன்களைப் பற்றி வண்ணத் தகடுகளோடு நூல்கள் வெளியிட்டார். சோழமண்டல மீன்களைத் தரங்கம்பாடியிலிருந்து அவருக்கு அனுப்பியவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார். நன்றிக்கடனாக ஒரு மீன் பேரினத்துக்கே ஜானியஸ் என்று பிளாக் பெயர் வைத்தார். பழவேற்காட்டு மீன் சந்தையில் கூடை கூடையாக வந்து இறங்கும் கத்தாழை அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. அதில் ஒரு வகைக்கு 1793-இல் அவர் வைத்த அறிவியல் பெயர் ஜானியஸ் கருட்டா. கருத்த கத்தாழை என்று தமிழ்க் கரையில் சொன்னதே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பாதிரியாரின் பெயர் முன்பாதியில் நிலைத்தது. மீனவர்களின் சொல் பின்பாதியில் நிலைத்தது. சொன்ன மீனவர் யார் என்பதைச் சொல்லும் இடம் அதில் இல்லை.

வடக்கே விசாகப்பட்டினத்தில் பாட்ரிக் ரசல் இருந்தார். 1785 முதல் ஆங்கிலக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் ஒரு நூல். இருநூறு மீன்களைப் பற்றி 1803-இல் இரண்டு தொகுதிகள். கண்ணாடிவிரியனுக்கு இன்றும் உலகம் முழுக்க அவர் பெயர்தான். மீன் படங்களை எழுதியவர் ஓர் இந்தியச் சித்திரக்காரர். மீன்களின் தெலுங்குப் பெயர்களை ரசல் கவனமாகக் குறித்து வைத்தார். அந்த வகையில் அவர் நேர்மையானவர். உள்ளூர்ப் பெயர் இருப்பதால்தான் இருநூறு ஆண்டு கழித்தும் அந்தப் படத்தைக் கொண்டுபோய் ஒரு மீனவரிடம் காட்டிப் பேசமுடிகிறது.

நீதிபதி வீட்டில் ஒரு நாரை

சென்னைக்கு 1801-இல் இரண்டு சகோதரிகள் வந்து இறங்கினார்கள். மூத்தவர் எலிசபெத் க்வில்லிம். அவருடைய கணவர் ஹென்றி க்வில்லிம், புதிதாக அமைந்த சென்னை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளில் ஒருவர். உடன் வந்த தங்கை மேரி சைமண்ட்ஸ். எலிசபெத் தெலுங்கு படித்தார், செடிகொடிகளை ஆராய்ந்தார், பறவைகளை வரைந்தார். மேரி மீன்களையும் ஊர்க்காட்சிகளையும் மனிதர்களையும் வரைந்தார். இருவரும் இங்கிலாந்திலிருந்த தாய்க்கும் சகோதரிக்கும் எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் நான்கு தொகுதிகளாக இருக்கின்றன. 1806 வேலூர்ப் புரட்சியின் அதிர்ச்சி வெள்ளைக்காரர் வீடுகளுக்குள் எப்படி எட்டியது என்பதைக்கூட அவற்றில் படிக்கலாம்.

எலிசபெத்தின் பறவைப் படங்களில் தனிச்சிறப்பு அளவு. கூடுமானவரை பறவை எவ்வளவோ அவ்வளவு பெரிய தாளில் அவர் வரைந்தார். பருந்து, ஆந்தை, நீர்ப்பறவை எல்லாம் அப்படியே. இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரிசை, காலின் செதில், அலகின் நுனி எதையும் அவர் தோராயமாக விடவில்லை. அமெரிக்காவின் ஆடுபன் மிகப் பெரிய தாளில் பறவைகளை அச்சிட்டு உலகப் புகழ்பெறத் தொடங்கியது 1827-இல். அதற்கு இருபது ஆண்டு முன்பு, சென்னையில் ஒரு பெண் இந்தப் படங்களை வரைந்து முடித்திருந்தார். 1807 டிசம்பரில் அவர் இறந்தார். புனித ஜார்ஜ் கோட்டை மேரி தேவாலயத்தில் அடக்கம். படங்கள் மறைந்துபோயின. 1924-இல் கேசி வுட் என்ற கண் மருத்துவர் லண்டனில் ஒரு வியாபாரியிடம் அவற்றைக் கண்டெடுத்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சேர்த்தார். அங்கே 121 பறவைப் படங்களும், 31 மீன் படங்களும் இருக்கின்றன.

எலிசபெத் நம் வணக்கத்துக்கு உரியவர். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீதிபதியின் மனைவி சேற்றில் இறங்கிப் பறவை பிடித்திருக்க முடியாது. உயிருள்ள பறவையை இறகு கசங்காமல் பிடித்து, மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஆள் வேண்டும். எந்த மாதத்தில் எந்தப் பறவை எந்த நீர்நிலைக்கு வரும், கண்ணியை எங்கே வைக்கவேண்டும், பிடித்ததை எப்படி ஆற்றுப்படுத்தவேண்டும் என்ற படிப்பு முழுவதும் பறவை பிடிப்பவர்களின் படிப்பு. அந்த 121 தாள்களுக்குள் அதுவும் இருக்கிறது.

பெயர் நின்ற சில இடங்கள்

பெயரைக் காப்பாற்றுவது அந்தக் காலத்தில் முடியாத காரியமாக இருக்கவில்லை. கல்கத்தாவில் 1777 முதல் 1782 வரை எலிஜா இம்பே என்ற நீதிபதியின் குடும்பத்துக்காக முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எழுதப்பட்டன. அதிகமும் பறவைகளும் விலங்குகளும். பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவர் எழுதியவை அவை. தாளிலேயே பெயர் இருப்பதால் இன்று உலக ஓவிய வரலாற்றில் அந்த மூவரும் இருக்கிறார்கள். நம் பக்கத்திலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சென்னையில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட், தமக்குச் செடிகளை வரைந்து கொடுத்த ரங்கையா, கோவிந்து என்ற இருவரின் பெயரையும் நூலில் பதித்தார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். ஆட்சியாளரின் மனைவிக்கும் ஆளுநருக்கும் பாதிரியாருக்கும் கிடைத்துவந்த மரியாதை அது.

பறவைகளுக்கு வந்தால் தாமஸ் ஜெர்டனைச் சொல்லவேண்டும். 1843 முதல் 1847 வரை சென்னையில் அவர் வெளியிட்ட இந்தியப் பறவை நூலில் 50 வண்ணத் தகடுகள். இந்திய ஓவியர்கள் அவற்றுக்கு உழைத்தார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே நெல்லூரில் ஜெர்டன் அரசு மருத்துவராக இருந்தபோது, யானாதி மக்களோடு பழகிப் பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களையும் பழக்கவழக்கங்களையும் அவர்களிடம் கேட்டறிந்தார். இந்தியப் பறவையியலின் அடிப்படை நூல்களை எழுதியவருக்கு இந்தக் கரையின் பழங்குடிகள் ஆசிரியர்கள். அவர்களும் ‘யானாதிகள்’ என்று மொத்தமாகத்தான் நினைவில் இருக்கிறார்கள். ஆளாகப் பெயர் இல்லை. யானாதிகளைப் போலவே காட்டையும் நீரையும் அறிந்த இருளர் குடியிருப்புகள் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களில் இன்றும் நிறைய. முகத்துவாரத்துச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் அவர்களிடம் அந்தப் படிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது.

லண்டனைக் காடாக்கியவர்

கற்பனை, இயற்கையறிவு, சமூகப் பார்வை மூன்றும் ஒன்றாக, ஓவியரின் பெயரையும் தாங்கி, ஒரு பிராணிப் படநூல் சென்னையிலிருந்து 2004-இல் வந்தது. தாரா புக்ஸ் வெளியிட்ட ‘லண்டன் ஜங்கிள் புக்’. ஓவியர் பஜ்ஜு ஷியாம், மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் கிராமத்துக் கோண்டு பழங்குடி. 2002-இல் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரையப் போனவர், தான் பார்த்த நகரத்தை விலங்குகளாக்கிக்கொண்டு திரும்பினார்.

அந்தப் புத்தகத்தில் விமானம் இறக்கை முளைத்த யானை. பிக் பென் மணிக்கூண்டு ஒரு சேவல். கோண்டுகளின் ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே! பாதாள ரயில் மண்புழு. கோண்டு மரபில் நிலத்தடி உலகம் மண்புழுவின் ஆட்சி. தவறாமல் தன்னை வேலைக்கு ஏற்றிப்போன 30-ஆம் எண் பேருந்து நன்றியுள்ள நாய். பகலெல்லாம் அடைந்து கிடந்து பொழுது சாய்ந்தபின் மதுக்கூடங்களில் கூடும் லண்டன்வாசிகள் வௌவால்கள். ஏறக்குறைய நானூறு ஆண்டு முன்பு நம் சித்திரக்காரர்கள் தொப்பிக்காரரைப் பார்த்து எழுதியது இங்கே மறுபடி நடந்தது. இவர் அவர்களின் ஊருக்கே போய்ப் பார்த்து எழுதினார், அவ்வளவுதான். இம்முறை அட்டையில் பஜ்ஜு ஷியாம் என்று பெயர் இருந்தது. 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெயரோடு வந்த படத்துக்கு மரியாதை ஓவியரைத் தேடி வந்து சேர்ந்தது.

இன்றைய கரையும் இந்தப் படங்களும்

இவ்வளவும் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், கும்மிடிப்பூண்டியில் சிப்காட், நடுவே கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் பழவேற்காட்டு ஏரியும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. தமிழ்நாட்டுப் பகுதியில் சுமார் 153 சதுர கிலோமீட்டர் பறவைகள் சரணாலயம். பூநாரையும் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வந்து இறங்கும் நீரை ஒட்டியே புகைபோக்கிகள் நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் படகிலிருந்து கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். இறகெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களின் புகைப்படங்கள் நாளிதழ்களில் வந்தன. நம் காலத்தில் சமூகத்தைப் பற்றிப் பேசிய பிராணிப் படம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரு நீர்நிலை கெட்டுவிட்டது என்று வாதாட, அது கெடாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்று காட்டவேண்டும். 1801-க்கும் 1807-க்கும் இடையில் வரைந்த பறவையும் 1803-இல் அச்சான மீனும் அந்த வகையில் சாட்சிகள். அப்போது இந்தக் கரையில் என்ன நீந்தியது, என்ன பறந்தது என்று அவை தேதியோடு சொல்கின்றன. தாள் மட்டும் போதாது. அந்த மீன் எந்த முகத்துவாரத்தில் கிடைத்தது, எப்போது கிடைக்காமல் போனது என்று சொல்ல இன்றைய மீனவரும் இருளரும் வேண்டும். அன்று படத்துக்கு ஆதாரமாக நின்றவர்களின் வழிவந்தவர்களே இன்று சாட்சிக்கும் வரவேண்டியவர்கள்.

ஆகவே எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. க்வில்லிம் சகோதரிகளின் படங்களை மெக்கில் நூலகத்தின் இணையப் பக்கத்தில் யாரும் பார்க்கலாம். அவற்றையும் ரசலின் மீன்களையும் பெரிய அளவில் அச்சிட்டுப் பழவேற்காடு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் அந்தப் படங்களை வீட்டுக்கு எடுத்துப்போய், வலை பின்னும் தாத்தாவிடமும் மீன் விற்கும் பாட்டியிடமும் கேட்கட்டும்: இதற்கு நம் ஊரில் என்ன பெயர், கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள்? பதிலை எழுதிக்கொண்ட பிறகு பிள்ளைகள் தங்கள் விருப்பம்போல அந்தப் பிராணிகளை வரையட்டும். மயிலைவிடப் பூ பெரிதாக இருந்தால் இருக்கட்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு பெயர்களை எழுதவேண்டும்: வரைந்த பிள்ளையின் பெயர், சொல்லிக்கொடுத்த பெரியவரின் பெயர். நானூறு ஆண்டுகளாக இந்தக் கரை எழுதத் தவறியது அந்த இரண்டாவது பெயரைத்தான்.

(தொடரும்)

அடுத்த இதழில்: கோட்டை கைமாறிய கதை. 1781-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தது முதல் 1825-இல் அது நிரந்தரமாக அவர்கள் வசமானதுவரை.